வளைவு முனிக்கு எலுமிச்சம்பழம்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

மரியாதைக்குரிய அர்ஜுனன் அண்ணனுக்குத் தம்பி முருகையனின் வணக்கம்.

இங்கே என் தொண்டையைத் தவிர எல்லோரும் சௌக்கியம். புனேயில் நீங்களும் சரோஜா அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மகன் வளவனையும் பேத்தி பூஜாவையும் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவீர்கள். கைப்பழக்கம், விட்டுவிடுங்கள்.

போன் இருக்கும்போது இவன் ஏன் தபாலைப் பிடித்துத் தொங்குகிறான் என்று நினைப்பீர்கள். நான் பேசக் கூடாது. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்து, வேலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் தொண்டையில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். உள்நாக்கைச் சுற்றித் தொங்கிய சதையை வெட்டி, டான்சிலையும் எடுத்துவிட்டுத் தையல் போட்டார்கள். எல்லாம் ஆறிக்கொண்டுதான் வந்தது. அதற்குள் பக்கத்து வீட்டு வளைகாப்புத் தட்டில் வந்த முறுக்கைப் பார்த்து எனக்கு நாக்கு ஊறிவிட்டது. ஒரே ஒரு முறுக்குதான். தையல் விட்டு ரத்தம் வந்துவிட்டது. டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு, தான் சொல்கிற வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். மெசேஜ் அனுப்பலாம் என்றால், ஸ்டியரிங் பிடித்த என் விரலுக்கு அந்தப் பொடி எழுத்துகள் அகப்படுவதில்லை. அதனால்தான் கடிதம்.

நடந்ததை உங்களிடம் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன். சொன்னால் அங்கிருந்து ரயில் ஏறிவிடுவீர்கள் என்று பயம். நீங்கள் ரிட்டயர் ஆகிப் போன பிறகு நம் பெங்களூர் வண்டிக்குப் புதுக் கண்டக்டர் வந்தார். தங்கமான மனிதர், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். டிக்கெட் போட்டு முடித்தால் பின் சீட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் மதியம் ஊருக்குள் வந்தாகிவிட்டது, ரமணாசிரமம் தாண்டியிருக்கிறோம், வண்டி நடுரோட்டுத் தடுப்பின் மேல் ஏறி நின்றது. யாருக்கும் அடி இல்லை. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று டிப்போவில் சொன்னேன். சொல்லும்போது அதைத்தான் நானும் நம்பினேன்.

டிப்போவில் பிரேக்கைப் பார்த்தார்கள். பிரேக் நன்றாக இருந்தது. பிறகு என்னைப் பார்க்க டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் என் கழுத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், குறட்டை விடுவீர்களா என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் என் மனைவி பதில் சொல்லிவிட்டாள். கன்னியம்மாளைத்தான் உங்களுக்குத் தெரியுமே. “தெருவே எழுந்துக்கும் சார். நடுவுல நடுவுல சத்தம் நின்னுபோவும். அப்பதான் நான் எழுந்து ஒக்காந்துப்பேன்” என்றாள். அதன் பிறகுதான் தலையில் ஒயர்களை ஒட்டித் தூங்கவைத்துப் பரிசோதனை செய்தார்கள். இத்தனை வருஷமாக நான் தூங்கியதெல்லாம் தூக்கமே இல்லையாம். மூச்சு அடைக்கும், உடம்பு பதறி விழிக்கும், மறுபடி அடைக்கும். அதெல்லாம் எனக்கு ஞாபகத்தில் நிற்காது. ஆனால் பகலில் கண் அதற்கு வட்டி கேட்கும் என்று டாக்டர் விளக்கினார்.

அன்றிலிருந்து லைட் டியூட்டிதான் கொடுத்தார்கள். டிப்போவில் டீசல் போடுகிற இடத்தில் ஒரு நாற்காலி. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு அவமானம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் எடுக்க வேண்டிய வண்டியை மாறன் எடுத்துக்கொண்டு என் கண்ணெதிரே போவான். போகும்போது ஒரு ஹாரன் அடிப்பான். மரியாதைக்குத்தான் அடிக்கிறான், ஆனால் எனக்குச் சோறு இறங்காது. அடுத்த மாதம் மறுபடி ஒயர் ஒட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு மெடிக்கல் போர்டு. என் கைக்கு ஸ்டியரிங் திரும்புமா இல்லையா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

அதுவரை தினமும் தூக்கத்தைக் கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மகள் கவிநிலா ஒரு வாட்ச் வாங்கி என் கையில் மாட்டிவிட்டாள். காலையில் எழுந்தால் காப்பிக்கு முன்னால் அவள் போனைத்தான் பார்க்கிறோம். நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடுகிறது. எட்டாவதில் மூன்று பாடம் கோட்டை விட்டவனுக்குத் தூக்கத்தில் மார்க் வருகிறது என்று கன்னியம்மாள் கிண்டல் செய்கிறாள். முதலில் தொண்டை வீக்கத்தால் படுமோசம். இப்போது பரவாயில்லை, பச்சை நிறத்தில் காட்டுகிறது. காலையில் வரும் மண்டையிடி கம்மியாகிவிட்டது. கன்னியம்மாள் வாட்ச்சை நம்புவதில்லை. என் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துப் பார்ப்பதுதான் அவள் கணக்கு.

இன்னொன்றும் நடக்கிறது அண்ணே. எனக்குக் கனவு வருகிறது. கனவு என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன். நல்ல தூக்கம் திரும்பினால் கனவும் திரும்பும் என்று டாக்டர் சொன்னார். வருகிற கனவெல்லாம் நம் வண்டிதான். செங்கத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் கொய்யாக் கூடையை உயர்த்திக்கொண்டு ஓடி வருகிறார்கள். சிங்காரப்பேட்டையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையை என் சீட்டுக்குப் பக்கத்தில் மலையாகக் குவிக்கிறார்கள். மழையில் வைப்பர் வேலை செய்யாமல், நீங்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, தண்ணீர் ஒட்டாமல் வழிய கண்ணாடியில் புகையிலையைத் தேய்க்கிறீர்கள். ஏற்றத்தில் நிறுத்தினால் குதித்து இறங்கி, வண்டி பின்னால் உருளாமல் டயருக்கு அண்டைக் கல் வைக்கிறீர்கள். எல்லாக் கனவிலும் நீங்கள் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள்.

என்ன பேச்சு அது. ஊத்தங்கரை ஓட்டலில் சாப்பிட்டு வண்டியை எடுத்ததும் எஞ்சின் பெட்டி மேல் வந்து உட்கார்ந்து ஆரம்பிப்பீர்கள். என் வீட்டில் சாப்பிட்ட அன்று கன்னியம்மாள் வைத்த குழம்பில் உப்பு இல்லை என்பீர்கள். என் மாமனாரைக் குறை சொல்வீர்கள். கியர் மாற்றுவதில் மாறன்தான் கெட்டிக்காரன், நான் அவனிடம் பாடம் கேட்க வேண்டும் என்பீர்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஊர் வந்து சேரும் வரை உங்களோடு மல்லுக்கு நிற்பேன். இப்போது வீட்டில் இருப்பவர்கள் என்னை ஒரு வார்த்தை சொல்வதில்லை. நோயாளி என்று எல்லோரும் நல்லபடியாகவே பேசுகிறார்கள். அந்தச் சண்டைக்கு ஏங்கிக் கிடக்கிறேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

முந்தாநாள் கனவில் நம் வளைவு வந்தது. சிங்காரப்பேட்டை தாண்டிக் காட்டு ரோட்டில் வருமே, வளைவு முனி இருக்கும் இடம். நெற்றியில் விபூதி வைக்க வருகிறவர்களிடம் “எனக்கு நெத்தில எடமில்ல” என்று சொல்கிற மனிதர் நீங்கள். தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்துக் கும்பிட, நீங்கள் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிக்கெட் கிழிப்பீர்கள். அப்பேர்ப்பட்ட உங்களையே பயமுறுத்திய வளைவு அது. ஒரு மதியம் திடீரென்று விசில் அடித்து நிறுத்தினீர்கள். “முருகையா, வெள்ள வேட்டி கட்டிக்கினு ஒரு ஆளு நடுரோட்ல நின்னான். எறங்கிப் பார்த்தா யாருமே இல்ல” என்றீர்கள். உங்கள் முகம் வெளுத்திருந்தது. அடுத்த நாள் போனால் வளைவில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து ஒரு கல் நட்டிருந்தது. உச்சி வெயிலில் நடமாடுகிற முனி இது, ஊர்க்காரர்கள் கல் நட்டுவிட்டார்கள், இனிமேல் நிற்காமல் போகக் கூடாது என்றீர்கள். அதன் பிறகு ஒரு நாள்கூட நாம் நிற்காமல் போனதில்லை. உங்களையும் கும்பிட வைத்த சாமி என்று நான் எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

வாட்ச் விஷயத்துக்கு வருகிறேன். அது பச்சை காட்டினாலும் எனக்கு அதன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பேச முடியாதவனுக்கு இந்த ஊரில் நிம்மதியான இடம் ரமணாசிரமம்தான். வெளியே எங்கே போனாலும் தொண்டைக்கு என்ன என்று கேட்பார்கள். அங்கே பேசாதவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மண்டபத்தில் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். சாயங்காலம் பார்த்தால் அந்த நேரத்தை வாட்ச் தூக்கம் என்று பதிந்து மார்க்கும் போட்டிருக்கிறது. நான் தூங்கவில்லை என்று எழுதிக் காட்டினேன். “அது எப்படிப்பா உங்களுக்குத் தெரியும்?” என்று கவிநிலா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி.

அதனால் நானே ஒரு சோதனை வைத்துப் பார்க்கப் போகிறேன். நாளைக்குக் காலை ஊத்தங்கரை போய், அதே ஓட்டலில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மதியம் வரும் நம் வண்டியில் பயணியாக முன் சீட்டில் ஏறி வரப்போகிறேன். என் கண் சொக்குகிற நேரம், சொக்குகிற ரோடு, சொக்குகிற சாப்பாடு எல்லாம் அதுதான். தொண்டையைப் பற்றி யோசிக்காதீர்கள், சாதத்தைக் குழையப் பிசைந்து தின்கிறேன். கன்னியம்மாளிடம் சொல்லவில்லை. போய்விட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

போய் வந்துவிட்டேன் அண்ணே. வந்து மூன்று நாளாகிவிட்டது. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியாமல் தாளை மடித்து வைத்துவிட்டு அலைந்துகொண்டிருந்தேன்.

மாறன்தான் ஓட்டி வந்தான். என்னைப் பார்த்ததும் அவனுக்கு ஒரே சந்தோஷம். “வாய மூடிக்கினு வர்ற உங்களப் பார்க்க ஒரு மாதிரியா இருக்குதுண்ணே” என்றான். முன் சீட்டில் உட்கார்ந்தேன். வெயில் கண்ணாடியில் அடித்தது, எஞ்சின் சூடு காலில் ஏறியது, வயிறு நிறைந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தூக்கம் வரவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் சில்லிட்டது. ஏனென்றால் பாதி ரோடு எனக்குப் புதிதாக இருந்தது. ஒரு பாலம், பாலத்தை ஒட்டி ஒரு பெரிய பாறை, அந்தப் பாறை மேல் பழைய சுண்ணாம்பு எழுத்து. இத்தனை வருஷம் ஓட்டிய ரோட்டில் அதை நான் பார்த்ததே இல்லை.

வளைவு வந்ததும் மாறன் வண்டியை ஓரம் கட்டினான். இப்போது எல்லா வண்டியும் அங்கே நிற்கிறதாம். தகரக் கூரை போட்டிருக்கிறார்கள், சூலம் நட்டிருக்கிறார்கள், எதிரே ஒரு டீக்கடை வந்திருக்கிறது. நிற்காமல் போனால் டயர் வெடிக்கும் என்று மாறன் பயபக்தியோடு சொன்னான். நாம் செய்த அதே முறையை அவனும் செய்தான். முகம் கை கால் கழுவினான். வெயிலில் மூன்று சுற்றுச் சுற்றினான். எலுமிச்சம்பழத்தை அறுத்து ஒரு பாதியைச் சக்கரத்துக்கு வைத்தான், மறு பாதியை உப்புத் தண்ணீரில் பிழிந்து பிரசாதம் என்று குடித்தான். யார் சொல்லிக் கொடுத்தது என்று சைகையில் கேட்டேன். “அர்ஜுனன் அண்ணன்தான். ரிட்டயர் ஆவறதுக்கு முன்னாடி எங்க எல்லாரையும் கூப்ட்டு வெச்சு சொல்லிட்டுப் போனாரு” என்றான்.

வெள்ளிக்கிழமை என்பதால் கல்லுக்குப் பழைய துணியை அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினான். மஞ்சள் கரைந்து கல் கறுப்பாகத் தெரிந்தது. நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடியது.

அந்தப் பள்ளத்தை எடுத்தது நான். கயிறு கட்டித் தூக்க வசதியாக இருக்கும் என்று டிப்போவில் உட்கார்ந்து உளியும் சுத்தியலும் வைத்து எடுத்தேன். நம் அண்டைக் கல் அது. ஒரு நாள் காணாமல் போய், எவன் எடுத்தான் என்று நான் டிப்போவையே இரண்டாக்கினேன். வண்டி கழுவுகிறவர்கள் தூக்கி எறிந்திருப்பார்கள், விடு என்று நீங்கள்தான் என்னைச் சமாதானம் செய்தீர்கள்.

என்னால் வாயைத் திறந்து சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. மாறன் கொடுத்த எலுமிச்சைத் தண்ணீரை வாங்கிக் குடித்தேன். தொண்டை தீயாக எரிந்தது. அவன் முன்னால் எதையும் காட்டிக்கொள்ளாமல் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கன்னியம்மாள் பயந்து கவிநிலாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

எனக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. முனி வருவதற்கு முந்தின வாரம் நீங்கள் என்னிடம், “கண்ணு சொக்குதா முருகையா?” என்று கேட்டீர்கள். அன்றைக்கு நான் குதித்த குதி உங்களுக்கும் மறந்திருக்காது. என் ஓட்டத்தில் குறை கண்டால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பயணிகள் நடுவில் கத்திவிட்டு, இரண்டு நாள் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தூக்கம் என்று சொன்னால் நான் வண்டியை நிறுத்த மாட்டேன், சாமி என்று சொன்னால் நிறுத்துவேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கோயில் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாத மனிதர், முகம் கழுவாமல் சாமியிடம் போகக் கூடாது என்று என் கையில் தண்ணீர் ஊற்றினீர்கள். எனக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லையே. சாமி கும்பிடாத உங்கள் தோழர்கள் உங்களை எவ்வளவு கேலி செய்திருப்பார்கள். டிப்போவில் நான் பீற்றிக்கொண்டபோதெல்லாம் நீங்கள் வெற்றிலையை மென்றுகொண்டு நின்றீர்கள். எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்து என் மாமனாரைத் திட்டியதும் இதற்குத்தான் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்திருக்கும். கன்னியம்மாளிடம் அதைச் சொல்லிவிட்டேன். அவளுக்கும் இத்தனை வருஷமாக அந்த வருத்தம் இருந்தது.

நன்றி என்று எழுதினால் நீங்கள் கோபப்படுவீர்கள், அதனால் எழுதவில்லை. எனக்கு வேறு ஒன்று வேண்டும்.

வண்டி ஓட்டும்போது எப்போதாவது கண் அசந்திருக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அது பொய் இல்லை. எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அந்தப் பாறையைப் பார்த்த பிறகு, எனக்குத் தெரியாமல் எத்தனை நாள் என்ற கேள்வி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. என் சீட்டுக்குப் பக்கத்தில் பையைக் குவித்த பிள்ளைகள் எல்லாம் கனவில் வந்து நிற்கிறார்கள். வாட்ச்சுக்கு என் மணிக்கட்டு மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஒரு ராத்திரி தெரியும். கன்னியம்மாளுக்கு நான் படுத்திருப்பது தெரியும். ஸ்டியரிங்கில் இருக்கும்போது என் கண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

முன்னைவிட நன்றாகத்தான் தூங்குகிறேன். மதியம் கண் சொக்குவதில்லை. போர்டு என்னைப் பாஸ் செய்துவிடும் என்றுதான் டாக்டரும் நினைக்கிறார். ஆசை எனக்கு உயிரைப் பிடுங்குகிறது அண்ணே. ஆனாலும் நான் அந்தச் சீட்டில் மறுபடி ஏறலாமா என்பதை அவர்கள் சொல்லி நான் கேட்கப் போவதில்லை.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் போன் செய்யுங்கள். கன்னியம்மாள் எடுத்து என் காதில் வைப்பாள். நான் பேச மாட்டேன். பழையபடி நீங்களே பேசுங்கள். என் தலை எங்கே சாய்ந்தது, நீங்கள் எப்போது பயந்தீர்கள், முனிக்கு முன்னால் என்ன நடந்தது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். நல்ல வார்த்தையாகப் பொறுக்கிச் சொல்லக் கூடாது. எனக்காக இன்னொரு கல் நடவும் கூடாது.

அண்ணியும் நீங்களும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அண்ணாமலையாரிடம் வேண்டினால் உங்களுக்குப் பிடிக்காது என்று வளைவு முனியிடம் வேண்டிக்கொண்டேன். அவரை நீங்கள் மறுக்க முடியாது.

உங்கள் பித்தளை விசிலைப் புனேக்கு எடுத்துப் போயிருப்பதாக அண்ணி ஒரு முறை சொன்னார்கள். எல்லாம் சொல்லி முடித்ததும் போனில் அதை ஊதுங்கள். ஒரு விசில் என்றால் நின்றுவிடுகிறேன். மீதி வருஷத்தை டீசல் வாடையிலேயே ஓட்டிவிடுவேன், உங்கள் மேல் முகம் கோணமாட்டேன். இரண்டு விசில் என்றால் எடுக்கிறேன். நீங்கள் இருந்த வரை உங்கள் விசில் இல்லாமல் நம் வண்டியை நான் ஒரு நாளும் நகர்த்தியதில்லை.

காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
உங்கள் டிரைவர்
முருகையன்